காதர்பேட்டையில் அம்மாவுக்கு ஒரு பாக்ஸர்!

ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் போகிறோம் என்று தெரிந்ததும் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் இருந்து லிஸ்ட் வந்துவிட்டது. ஒருவருக்கு நைட்டி, ஒருவருக்குப் பேரனுக்கான டி-ஷர்ட், ஒருவருக்கு வீட்டுக்காரர் போடும் பனியன், 'தொண்ணூறு சைஸ், கை வெச்சது' என்ற குறிப்போடு.

நாங்கள் போனது வேறு ஒரு பொருளுக்காக. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. லிஸ்ட்டிலும் எழுதவில்லை. என் அம்மாவுக்கு பாக்ஸர் வாங்கப் போனோம்.

ஆமாம், பாக்ஸர்தான். இடுப்பில் எலாஸ்டிக் வைத்து, தொடையில் பாதி வரை இறங்கும் அதே உள்ளாடை. அம்மாவுக்கு வயது 66.

நின்று போன நடை

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு. தினமும் காலையில் சித்திரை வீதியை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துதான் அம்மா காபி குடிப்பார். சர்க்கரை வந்து பத்து வருஷம் ஆகிறது. டாக்டர் சொன்னதில் அம்மா ஒழுங்காகக் கடைப்பிடித்தது இந்த நடை ஒன்றைத்தான்.

இந்த வருஷம் வெயில் ஏற ஏற அந்த நடை குறைந்தது. முதலில் பாதிச் சுற்று. பிறகு வாசல் வரை. பிறகு அதுவும் இல்லை. "முழங்கால் வலிக்குதும்மா" என்றார். நானும் நம்பி, தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

ஒருநாள் குளியலறையில் புது பவுடர் டப்பா பாதி காலியாக இருப்பதைப் பார்த்தேன். பக்கத்திலேயே தேங்காய் எண்ணெய்க் கிண்ணம். கேட்டதற்கு முதலில் மழுப்பினார். கதவைச் சாத்திவிட்டு மறுபடி கேட்டபோதுதான் மெல்லச் சொன்னார். நடந்தால் இரண்டு தொடையும் உரசி, தோல் சிவந்து, புண்ணாகிவிடுகிறது. வியர்வை பட்டால் எரிச்சல் தாங்கவில்லை. இரண்டு மாதமாக இப்படித்தான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"இதையெல்லாம் எப்படிடி சொல்றது?"

தோல் டாக்டரிடம் போனோம். அவரும் பெண்தான். பார்த்துவிட்டு, மருந்துக்கடையில் தானாகக் கேட்டு எந்த ஆயின்மென்ட்டும் வாங்கிப் பூசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அப்படி விற்கிற பல க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், போட்டதும் அடங்கிவிட்டதுபோல் தெரிந்து பிறகு பூஞ்சைத் தொற்று அதிகமாகும் என்றார். சர்க்கரை இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டுமாம். மருந்து எழுதிவிட்டு, "உள்ளே என்ன போடுறீங்க?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். "பாவாடைதான்" என்றார்.

அம்மாவின் வயதில் இருக்கும் எத்தனையோ பெண்களுக்கு இதுதான் பதிலாக இருக்கும். சேலை, அதற்குள் பாவாடை. அவ்வளவுதான். அதிலும் ஒரு குறையும் இல்லை, தொடைகள் ஒன்றோடொன்று உரசாத வரைக்கும். வயதும் எடையும் கூடும்போது, வியர்வையில் நனைந்த தோலும் தோலும் தேய்கிற இடத்தில் புண் வருகிறது. நடுவில் மெல்லிய காட்டன் துணி ஒன்று இருந்தால் போதும் என்றார் டாக்டர். "தொடை வரைக்கும் வர்ற பாக்ஸர் மாதிரி ஒண்ணு வாங்கிக் கொடுங்க. புண் ஆறினதும் போட்டுக்கிட்டு நடக்கட்டும்."

"அது ஆம்பளைங்க போடுறது இல்லையா?" என்றார் அம்மா, ஆட்டோவில் வரும்போது.

பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் வாலிபால் ஆடுபவள். அவளிடம் நான்கைந்து இருக்கிறது. "பாட்டி, எங்க டீம்ல எல்லாரும் பாக்ஸர்தான். போட்டா போட்டதே தெரியாது" என்று சிபாரிசு செய்தாள். அவளுடையது அம்மாவுக்குச் சேராது. அதனால் என் கணவருக்கு வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த ஒன்றைக் கொடுத்துப் பார்த்தோம். முன்பக்கம் துணி தொளதொளவென்று நின்றது. இடுப்புக்குக் கீழே பிடித்தது. உட்கார்ந்தால் பின்பக்கம் இறங்கியது. ஆண் உடம்புக்கு வெட்டிய துணி பெண் உடம்பில் எப்படி உட்காரும்?

அப்போதுதான் திருப்பூரில் இருக்கும் என் சித்தி மகளுக்கு போன் போட்டேன். சிரித்தாள். "பெரியம்மாவைக் கூட்டிட்டு வாங்கக்கா. நாங்க தினமும் தைக்கிறதே அதுதானுங்களே!"

நூல் ஊர்

திருச்சியில் ஏறினால் ரயில் காவிரியை விட்டு அதிகம் விலகாமலே போகிறது. கரூரைத் தாண்டி, கொடுமுடிக்கு முன்னால், நொய்யல் ஆறு காவிரியில் கலக்கும் ஊர் வருகிறது. ஊருக்கும் அதே பெயர்தான். அந்த ஆறு திருப்பூரின் நடுவே ஓடிவிட்டுத்தான் இங்கே வருகிறது. ஈரோட்டில் கூட்டம் இறங்கி, வேறு கூட்டம் ஏறுகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போனால் திருப்பூர்.

ஸ்டேஷனில் இறங்கியதுமே ஊரின் தொழில் தெரிந்துவிடுகிறது. பிளாட்பாரத்தில் சாக்கில் தைத்த பண்டல்கள். தமிழோடு இந்தி, ஒடியா, வங்காளம் என்று காதில் விழும் பேச்சு. வெளியே வந்தால் குமரன் சாலை. 1932 ஜனவரியில் கொடியைக் கையில் பிடித்தபடி போலீஸ் தடியடியில் விழுந்து உயிர்விட்ட திருப்பூர் குமரனின் நினைவிடம் பக்கத்தில்தான். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார்.

சித்தி மகள் எங்களுக்காகக் காத்திருந்தாள். திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து 17 வயதில் இங்கே வந்தவள். வந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. பேச்சில் 'ங்க' ஏறிவிட்டது. முதலில் கைமடியாக, அதாவது டெய்லருக்குத் துணியை மடித்தும் எடுத்தும் கொடுக்கும் உதவியாளாகச் சேர்ந்தாள். பிறகு செக்கிங். இப்போது ஓவர்லாக் மெஷினில் டெய்லர். கம்பெனியில் வேலை மும்முரமாக இருந்தால் ஒன்றரை ஷிஃப்ட், பன்னிரண்டு மணி நேரம்.

ஸ்டேஷனில் இருந்து காதர்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். 1920-களில் கையால் சுற்றும் பின்னல் மெஷின்களோடு திருப்பூரின் பனியன் தொழில் தொடங்கியதாகச் சொல்லப்படும் பகுதி இது. முதலில் உள்ளூர் ஆண்களுக்கு வெள்ளை பனியன், ஜட்டி. 1970-களின் கடைசியில் இத்தாலிக்காரர்கள் டி-ஷர்ட் கேட்டு வந்த பிறகு, ஊர் உலகத்துக்கே தைக்க ஆரம்பித்தது.

இன்றைக்குக் காதர்பேட்டை என்றால் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு. ஆர்டருக்கு மேல் சில பீஸ் கூடுதலாக வெட்டுவார்கள். சில பீஸில் தையல் கோணும். சில நேரம் ஆர்டரே ரத்தாகும். அத்தனையும் இந்தச் சந்துகளுக்குத்தான் வருகிறது. கழுத்து லேபிளைக் கத்தரியால் பாதி வெட்டியிருப்பார்கள். தள்ளுவண்டியிலும், தரையில் விரித்த தார்ப்பாயிலும், ஆள் நுழைய இடமில்லாத குட்டிக் கடைகளிலும் குவித்து வைத்திருக்கிறார்கள். கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் மொத்தமாக அள்ளிப் போக வருபவர்களோடு, ஆப்பிரிக்க நாட்டு வியாபாரிகளும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்குங்க?"

முதலில் நின்ற கடையில் மூன்று ஆண்கள். "லேடீஸ் பாக்ஸர் இருக்கா?" என்று நான் கேட்டதும் ஒருவர் பெரிய கட்டாக எடுத்து மேஜையில் கொட்டினார். "யாருக்குங்க? உங்களுக்கா, பாப்பாவுக்கா?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால், அம்மா மெல்ல நகர்ந்து பக்கத்துக் கடையில் தொங்கும் துண்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வந்துவிட்டோம்.

இரண்டாவது கடையில் டஜன் கணக்கில்தான் தருவோம் என்றார்கள். மூன்றாவது, சந்தின் உள்ளே தள்ளி இருந்தது. கல்லாவில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர். அவரும் "யாருக்குங்க?" என்றுதான் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் மகள் சொல்லிவிட்டாள். "பாட்டிக்கு!"

கடைக்கார அம்மா சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. மேஜை டிராயரிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார். "தொடை உரசுதுங்களா? இங்க வர்ற பாதிப்பேருக்கு அதானுங்க. ஸ்டூல்ல உட்காருங்கம்மா, உட்கார்ந்துதான் அளக்கோணும்" என்றார்.

அம்மாவின் முகத்தில் இரண்டு மாதமாக இருந்த ஒரு இறுக்கம் அந்த நிமிஷத்தில் தளர்ந்ததை நான் பார்த்தேன். 'பாதிப்பேருக்கு அதான்' என்ற ஒரு வார்த்தைதான். தனக்கு மட்டும் வந்த அசிங்கம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

டெய்லர் எடுத்த பாடம்

அதற்குப் பிறகு அரை மணி நேரம் சித்தி மகளின் வகுப்பு. தினமும் நூற்றுக்கணக்கில் தைப்பவள் அல்லவா? அவள் சொன்னதை எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவு. உள்ளாடையைப் போட்டுப் பார்த்து வாங்க முடியாது. அதனால், வீட்டிலேயே அளந்துகொண்டு போக வேண்டும். ஆண்களுக்கு இடுப்பளவு போதும். பெண்களுக்கு இடுப்பைவிட, அதற்குக் கீழே அகலமான இடத்தின் சுற்றளவுதான் முக்கியம். நின்று ஒருமுறை, உட்கார்ந்து ஒருமுறை அளக்க வேண்டும். உட்காரும்போது சுற்றளவு கூடும். கூடவே தொடைச் சுற்றளவும் வேண்டும்.

ஏற்றுமதிச் சரக்கில் லேபிளைப் பார்த்து ஏமாறக் கூடாது. 40, 42 என்று போட்டிருக்கும். அது அங்குலமும் இல்லை, சென்டிமீட்டரும் இல்லை. ஐரோப்பிய சைஸ் எண். அதிலும் நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸில் 40 என்பது ஜெர்மனியில் 38. எனவே டேப்பை வைத்துத் துணியை அளப்பதுதான் நம்பிக்கையான வழி.

அடுத்தது நீளம். "கால் நீளம் கம்மியா இருந்தா நடக்க நடக்க சுருண்டு மேல ஏறிக்கும்க்கா. அப்புறம் அது போட்டும் பிரயோஜனம் இல்ல" என்றாள். தொடை உரசும் இடத்தைத் தாண்டி இரண்டு விரல்கடை கீழே இறங்க வேண்டும். கால் விளிம்பில் இறுக்கமான எலாஸ்டிக் இருந்தால் அது தோலில் கோடு போடும். துணியையே மடித்துத் தைத்த விளிம்பு நல்லது.

துணியைக் கையில் பிடித்து இழுத்து விட்டாள். "இப்படி விட்டதும் பழைய இடத்துக்கு வரணும்." முழுக் காட்டனாக இருந்தால் நாள்பட நாள்படத் தொய்ந்துவிடும். 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் எலாஸ்டேன் கலந்தது வசதி. வழவழப்பான பாலியஸ்டர் பார்க்க அழகாக இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு வியர்வையை உறிஞ்சாது.

பிறகு உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு காலும் சேரும் இடத்தில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் முட்டிக்கொண்டிருந்தால் அதுவே உரசும். அங்கே தனியாக ஒரு துண்டுத் துணி, இரண்டு அடுக்காக வைத்துத் தைத்திருக்க வேண்டும். தையல் தடிப்பாகப் புடைக்காமல் தட்டையாக இருந்தால் பிளாட்லாக் தையல். விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும் என்றாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்து, "இது குத்துது, இது குத்தலை" என்று பிரிக்க ஆரம்பித்தார்.

அடர் நிறமாக எடுத்தால், ஈரக் கைக்குட்டையால் ஒரு தேய் தேய்த்துப் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டினால் வேண்டாம். சாயம் என்றதும் எனக்கு ரயிலில் பார்த்த நொய்யல் நினைவுக்கு வந்தது. சாயக்கழிவால் அந்த ஆறு பட்ட பாடு கொஞ்சமல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது. கழிவு நீரைத் துளிகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை என்பது நிபந்தனை. "அந்த வருஷம் எனக்குப் பாதி மாசம் வேலையே இல்லைக்கா" என்றாள் சித்தி மகள். அம்மா கடைசியில் வெள்ளையும் சந்தன நிறமும் எடுத்துக்கொண்டார்.

குத்துச்சண்டைக்காரர்களின் உடுப்பு

"இதுக்கு ஏன் பாக்ஸர்னு பேரு?" என்று அம்மா கேட்டார். மகள் போனைத் தட்டினாள்.

அமெரிக்காவில் குத்துச்சண்டை வீரர்கள் தோல் பெல்ட் வைத்த கால்சட்டை போட்டுத்தான் சண்டை போட்டிருக்கிறார்கள். 1925-ல் நியூயார்க்கின் எவர்லாஸ்ட் கம்பெனியை நடத்திய ஜேக்கப் கோலம், பெல்ட்டை எடுத்துவிட்டு எலாஸ்டிக் வைத்தார். கால் எட்டுப்போட வசதியாக இருந்தது. அதிலிருந்துதான் பெயர். திருப்பூரில் பின்னல் மெஷின் சுற்ற ஆரம்பித்ததும் ஏறத்தாழ அதே காலம். பெண்களுக்கென்று இது கடைக்கு வர இன்னும் பல வருஷம் ஆனது. 1983-ல் கால்வின் கிளைன் நிறுவனம் ஆண்களின் உள்ளாடை வடிவத்திலேயே பெண்களுக்குக் கொண்டுவந்தபோது, அமெரிக்காவிலேயே அது பெரிய பேச்சாகியிருக்கிறது.

"பாத்தியா, அங்கயும் நம்மள மாதிரிதான் யோசிச்சிருக்காங்க" என்றார் அம்மா.

எனக்கெதுக்கு?

அம்மாவுக்கு நான்கு, மகளுக்கு மூன்று, எனக்கும் இரண்டு எடுத்தேன். பில் போடும்போது அம்மா சித்தி மகளைப் பார்த்துக் கேட்டார்: "நீ எத்தனை வெச்சிருக்கே?"

"எனக்கெதுக்குங்க பெரியம்மா? நான் வாங்கினதே இல்லை."

"இருபது வருஷமா இதைத்தானே தைக்கிறே?"

அவள் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றப் பார்த்தாள். அம்மா விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மெஷின் முன்னால் ஒரே இடத்தில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். மேலே தகரக் கூரை. சுடிதார் பேன்ட் வியர்வையில் ஒட்டும். ஜட்டியின் எலாஸ்டிக் தொடை மடிப்பில் அறுத்து, கறுத்துத் தடித்துப் போயிருக்கிறது. பக்கத்து மெஷின் அக்காவுக்கும் அப்படித்தான். கம்பெனியில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் சிரிப்பார்கள்.

"நாங்க தைக்கிற பீஸ் எந்த ஊருக்குப் போவுதோ, அந்த ஊர்க்காரிக்கு குத்தக் கூடாதுன்னு உள்பக்கத் தையலை ஒவ்வொண்ணா தடவிப் பாத்து அனுப்புறோமுங்க. நமக்குன்னு எடுக்கணும்னு தோணினதே இல்லை."

கடைக்கார அம்மா டேப்பை மடித்து உள்ளே வைக்கப் போனவர், நின்றார். அம்மா சொன்னார்: "அதை உள்ளே வெக்காதீங்க. இவளுக்கும் அளவெடுங்க."

அவள் மறுத்தாள், வெட்கப்பட்டாள், பிறகு உட்கார்ந்தாள். நான்கு பீஸ். அவற்றுக்கான பணத்தை அம்மா தன் சுருக்குப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். என்னைக் கொடுக்க விடவில்லை.

கொடியில் காயும் வெயில்

வாங்கி வந்த எல்லாமே சரியாக அமைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு எடுத்த நான்கில் ஒன்று, முதல் சலவையிலேயே சுருங்கிக் கால் மேலே ஏறியது. அது இப்போது என் மகளிடம். மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன. புண் முழுக்க ஆறும் வரை டாக்டர் சொன்ன மருந்தைப் போட்டு, அதற்குப் பிறகுதான் போட்டுக்கொண்டார். நடந்து வந்ததும் ஈரத்தோடு இருக்காமல் உடனே மாற்றிவிடுகிறார். முழங்கால் வலி பற்றி இப்போது பேச்சே இல்லை.

டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எங்கள் வீட்டில் கஷ்டமாக இருந்தது. உள்ளாடையை வெயிலில் காயப்போட வேண்டும். எங்கள் வீட்டில் நானே இத்தனை வருஷமாக என் உள்ளாடைகளைத் துண்டுக்கு அடியில் மறைத்துத்தான் காயவைத்திருக்கிறேன். பாதி ஈரத்திலேயே எடுத்துப் போட்டும் இருக்கிறேன். பூஞ்சைக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

போன வாரம் மொட்டை மாடிக்குப் போனேன். கொடியில் என் கணவரின் பனியனுக்குப் பக்கத்தில் அம்மாவின் வெள்ளை பாக்ஸர் மூன்றும் கிளிப் போட்டு வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மேலே துண்டு இல்லை.

பக்கத்து மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்த மாமி, தொண்ணூறு சைஸ் பனியன் கேட்டவர், கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது யாரோடதும்மா?" என்றார்.

"அம்மாவோடது மாமி. காதர்பேட்டையில வாங்கினது."

கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து குரலைத் தாழ்த்தினார். "அடுத்த தடவை போறச்சே சொல்லு. எப்படி அளக்கணும்னும் சொல்லிக் குடு."

சாயங்காலம் அம்மாவே இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.